பாஸ் இருக்கு, ஆனா இல்லை

சேலம் ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன். இந்த வாரம் மூன்றாவது ஆள் கேட்டுவிட்டார்: "ஜப்பான் போனியாமே, ரயில் பாஸ் வாங்கிட்டா எல்லாம் ஃப்ரீதானே?" ஃப்ரீயா? வயிறு எரியுதுங்கண்ணா, காரச் சட்னியால் இல்லை.

வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று விற்கிற, 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கினார்கள். சரி, அழுதாயிற்று. ஃபுஜி மலையைப் பார்க்க டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக் கவாகுச்சிகோவுக்கு நேர் வண்டி ஏறினேன். நடுவழியில் ஓட்சுகி ஸ்டேஷன் வரைதான் பாஸ் செல்லுமாம். மிச்சம் 26 கிலோமீட்டர் தனியார் பாதை, தனிக் காசு. வண்டி அதே வண்டி. சீட் அதே சீட். மடியில் பிரித்து வைத்த முறுக்குப் பொட்டலம்கூட அதே. ரயில்காரர் மட்டும் தொப்பியைத் தொட்டு, குனிந்து வணங்கி, பணம் கேட்கிறார். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் சண்டையாவது போட முடியுமா?

ஏற்காடு பஸ்ஸை பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, "இதுக்கு மேல வேற முதலாளி, எடு காசை" என்றால் நம்மூரில் விடுவார்களா?

1987-ல் ஜப்பானின் தேசிய ரயில்வேயைப் பிரித்ததில் வந்த கம்பெனிகளுக்குத்தான் இந்தப் பாஸாம். மற்றதெல்லாம் தனிக்கடை. வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேவா? ஒடவாரா ஸ்டேஷன் வரை ராஜா, அப்புறம் மலை ரயிலுக்குச் சில்லறை தேடு. புத்தக் கோயில் மலையான கோயாசானா? மலையடிவாரத்துக்கு முன்பே பாஸ் படுத்துவிடும். நிக்கோ என்கிற கோயில் ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்டேஷன். ஒன்றில் பாஸ் செல்லும், ஒன்றில் செல்லாது.

நான் எதில் போய் நின்றேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.