ஜோயி எப்போது மக்கு ஆனான்?

போன வாரம் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் (சிட்காம் என்பார்கள்) கடைசி சீசனை முடித்த கையோடு, தூக்கம் வராமல், முதல் சீசனின் முதல் எபிசோடைப் போட்டுவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. 2004இல் விடைபெற்றவனும் 1994இல் அறிமுகமானவனும் ஒரே ராத்திரியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேருக்கும் பெயர் ஜோயி. முகஜாடையும் ஒன்று. அதோடு சரி.

முதல் எபிசோடில் ராஸை அவன் மனைவி விட்டுப் போயிருக்கிறாள். புது வீட்டில் நண்பர்கள் மூவரும் மரச்சாமான்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்று உலகத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தால் என்ன செய்வது என்று ராஸ் புலம்புகிறான். ஐஸ்க்ரீமில் ஒரே ஒரு வகைதான் உண்டு என்பது போலப் பேசுகிறாயே, எத்தனை வகை இருக்கிறது தெரியுமா, கரண்டியை எடு என்கிறான் ஜோயி. பெண்களை ஐஸ்க்ரீம் ஆக்கும் இந்த வசனத்தை இன்றைக்கு எழுதினால் எழுதியவரைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கிவிடுவார்கள். அது கிடக்கட்டும். நான் கவனித்தது வேறு. நண்பன் உடைந்து போயிருக்கிறான் என்பது ஜோயிக்குப் புரிகிறது. யோசித்து ஒரு உவமை சொல்கிறான். வாயடிக்கத் தெரிந்த, நாலு இடம் பழகிய ஆள்.

பத்தாவது சீசனில் அதே ஜோயிக்கு அவன் தோழி ஃபீபி ஃப்ரெஞ்சு சொல்லித் தருகிறாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் சரியாகத் திருப்பிச் சொல்கிறான். சேர்த்துச் சொல் என்றால் எந்த மொழியிலும் இல்லாத ஒன்றை உளறுகிறான். உளறியது ஃப்ரெஞ்சுதான் என்று முழு மனதாக நம்பவும் செய்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பேன், இன்றைக்குப் போட்டாலும் சிரிப்பேன். ஆனால் ஐஸ்க்ரீம் உவமை சொன்னவன் இவனில்லை.

நடுவில் இவனுக்கு என்னதான் ஆனது? கதைப்படி ஒன்றும் ஆகவில்லை. தலையில் அடிபடவில்லை. (அவன் நடிக்கும் சீரியலில் அவனுடைய டாக்டர் பாத்திரத்துக்கு மூளை மாற்று ஆபரேஷன் நடக்கும். எழுதியவர்களுக்கே உறுத்தியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) 236 எபிசோட், தலைக்கு 22 நிமிஷம் போல. அவ்வளவுதான் ஆனது.

என் வாதம் இதுதான்: சிட்காமில் ஒரு பாத்திரத்தைக் கெடுப்பது நம் சிரிப்பு. எழுத்தாளர்களுக்குச் சோம்பல், சேனலுக்குப் பேராசை என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ மாதிரியான தொடர்களை ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னால்தான் படம்பிடித்தார்கள். ஒரு ஜோக்குக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே மாற்றி எழுதி மறுபடி எடுத்தார்கள். ஜோயி ஒரு புத்திசாலித்தனமான வரியைச் சொன்னால் ஒரு புன்னகை கிடைக்கும், மக்குத்தனமாகச் சொன்னால் அரங்கமே அதிரும் என்றால், அடுத்த வாரம் எதை எழுதுவார்கள்? தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிற மாதிரி பாத்திரம் சிரிப்பைத் தேடிப் போகும். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதே இல்லை.

இதற்கு ரசிகர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ஃப்ளாண்டரைசேஷன். ‘சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் குடும்பத் தலைவன் ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃப்ளாண்டர்ஸ். 1989இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவர் எல்லா விதத்திலும் ஹோமரைவிட ஒரு படி மேலான மனிதர், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒரு எபிசோடில் ஹோமரைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கீழ்த்தளத்தைக் காட்டுவார். அங்கே குழாயைத் திறந்தால் பீர் வரும். ஹோமருக்கு வயிறு எரியும். அந்தச் சண்டை எந்த இரண்டு அடுத்தடுத்த வீடுகளுக்கும் நடுவில் நடக்கக்கூடியது. அவருக்குக் கடவுள் பக்தியும் இருந்தது, மீசை இருந்தது போல. வருஷம் போகப் போக மற்றதெல்லாம் உதிர்ந்து பக்தி மட்டும் மிஞ்சியது, அதுவும் ஊதிப் பெருத்துப் போய். மனிதர் காணாமல் போய் பைபிள் மட்டும் நின்றது.

எனக்கு அதைவிட வலித்தது ‘தி ஆஃபிஸ்’ அமெரிக்கப் பதிப்பின் கெவின். அக்கவுண்டன்ட். மெதுவாகப் பேசுவான், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டான். இரண்டாவது சீசன் கடைசியில், 2006இல், ஆபீஸில் ஒரு சூதாட்ட இரவு வைப்பார்கள். அங்கே கெவின் கேமராவைப் பார்த்து, 2002 உலக போக்கர் போட்டியில் ஒரு பிரிவில் தான் ஜெயித்ததாகப் போகிற போக்கில் சொல்வான். நாம் வாயைப் பிளப்போம். உடனே கூட வேலை பார்க்கும் ஃபிலிஸ் அவனைத் தோற்கடிப்பாள். எவ்வளவு அழகான ஜோக் பாருங்கள். இந்த மனுஷனுக்குள் நமக்குத் தெரியாத இன்னொருத்தன் இருக்கிறான், அவனுக்கும் நேரம் சரியில்லை.

எட்டாவது சீசனில் அதே கெவின் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அரைகுறை வாக்கியங்களில் பேசத் தொடங்குகிறான். ஒன்பதாவதில், கணக்கு டேலி ஆகாதபோதெல்லாம் ‘கெலெவன்’ என்று தானே கண்டுபிடித்த ஒரு எண்ணைப் போட்டு வருஷக்கணக்காகச் சமாளித்திருக்கிறான் என்று தெரியவருகிறது. தனியாகப் பார்த்தால் கெலெவன் பிரமாதமான ஜோக், நான் மறுக்கவில்லை. ஆனால் போக்கரில் ஜெயித்தவனுக்குக் கூட்டல் வராது என்று என்னை நம்பச் சொல்கிறார்கள். போக்கர் என்பதே கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடும் விளையாட்டு ஐயா!

இதில் எழுதுகிறவர்கள் மாறிப்போவதும் சேர்ந்துகொள்கிறது. முதலில் எழுதியவர்கள் ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவன் என்ன சொல்வான் என்று யோசித்தார்கள். அஞ்சாறு வருஷம் கழித்து வருகிறவர்கள் அந்தத் தொடரைப் பார்த்தே வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆளைவிட அவனுடைய ஜோக்குகள்தான் நன்றாகத் தெரியும். மிமிக்ரி செய்கிறவர் ஒரு நடிகரின் ஒரே ஒரு இழுவையைப் பிடித்துக்கொண்டு அதைப் பத்து மடங்கு ஆக்குவார் இல்லையா, அது மாதிரி தொடர் தன்னையே மிமிக்ரி செய்ய ஆரம்பித்துவிடுகிறது. முதல் சீசனில் ராஸ் அடங்கிய குரலில் சோகமாகப் பேசுவான். பின்னால் அவன் கத்தாத எபிசோட் அபூர்வம்.

‘ஹேப்பி டேஸ்’ கதை இன்னும் பழையது. 1974இல் தொடங்கியது. நாயகன் ரிச்சி என்ற சாதாரணப் பையன். ஃபான்ஸி ஓரத்தில் வந்து போகிறவன். மூன்றாவது சீசனிலிருந்து ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். ஃபான்ஸி கதவைத் திறந்துகொண்டு வந்தாலே கைதட்டல். அப்புறம் என்ன, தொடரே அவனைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. 1977இல் லெதர் ஜாக்கெட்டோடு தண்ணீரில் சறுக்கிப் போய் ஒரு சுறாவைத் தாண்டினான். ஒரு தொடர் தறிகெட்டுப் போகும் கணத்தை ‘சுறாவைத் தாண்டிவிட்டது’ என்று ஆங்கிலத்தில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், சுறாவைத் தாண்டிய பிறகும் அது 1984 வரை ஓடியது. ரிச்சிக்குச் சக் என்று ஒரு அண்ணன் இருந்தான், எப்போதும் கையில் கூடைப்பந்தோடு. இரண்டு சீசனுக்குப் பிறகு ஆள் இல்லை. யாரும் தேடவும் இல்லை. கடைசி எபிசோடில் அப்பா எழுந்து நின்று தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி உருகிப் பேசுவார். இரண்டு! பெற்றவருக்கே மறந்துவிட்டது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒன்று என்று பத்து வருஷம் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் இவ்வளவு உறைத்திருக்காது. கூடவே இருக்கும் குழந்தை வளர்வது கண்ணுக்குத் தெரியாத மாதிரி. நான்தான் பத்து வருஷத்தை மூன்று வாரத்தில் விழுங்கிவிட்டு, அஜீரணத்துக்குச் சமைத்தவர்களைத் திட்டுகிறேன்.

மாறினாலே கெடுதல் என்றும் நான் சொல்லவில்லை. அதே ‘ஆஃபிஸ்’ முதல் சீசன் ஆறே எபிசோட். ஆபீஸ் மேனேஜர் மைக்கேல் ஸ்காட் அதில் சகிக்க முடியாத ஆள், எண்ணெய் வைத்து வழித்த மாதிரி தலை. இரண்டாவது சீசனில் தலையையும் மாற்றினார்கள், அடியில் ஒரு தனிமையையும் வைத்தார்கள். அந்தத் தொடர் பிழைத்ததே அதனால்தான். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரின் நாயகி லெஸ்லியும் அப்படித்தான், முதல் ஆறு எபிசோடில் அசடு, பிறகு கெட்டிக்காரி.

சரி, ரொம்ப நாள் ஓடியும் ஆட்கள் சுருங்காமல் பெரிதான தொடர் உண்டா? எனக்குத் தெரிந்து ‘மேஷ்’. கொரியப் போர்முனையில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. நிஜப் போர் 1950இலிருந்து 1953 வரை, மூன்று வருஷம். தொடர் 1972இலிருந்து 1983 வரை, பதினொரு சீசன். போர் முடிவதற்குள் டாக்டர்களுக்கு முடி நரைத்துவிட்டது. ஆரம்பத்தில் அது கலாட்டா தொடர். குடி, குறும்பு, நர்ஸ்களின் பின்னால் சுற்றுவது. பின்னணியில் பதிவு செய்த சிரிப்பு. ஆனால் ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பைப் போடக் கூடாது என்று தயாரித்தவர்கள் சேனலோடு மல்லுக்கட்டி வாங்கியிருந்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தொடர் தப்பித்தது அங்கேதான் என்று தோன்றுகிறது. சிரிப்பு நுழைய முடியாத ஒரு அறை அதற்குள் இருந்தது.

1975இல் அந்த அறைக்குள்தான் ரேடார் என்ற குமாஸ்தாப் பையன் வந்து நின்று, வீட்டுக்குக் கிளம்பிப் போன கர்னல் ஹென்றி பிளேக்கின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசிப்பான். படம் எடுக்கும் நேரம் வரை அந்தக் கடைசிப் பக்கத்தை நடிகர்களுக்கே கொடுக்கவில்லையாம். பார்த்தவர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். நியாயம்தான், சிட்காமில் யாரும் சாக மாட்டார்கள் என்பது எழுதாத ஒப்பந்தம்.

ஃப்ராங்க் பர்ன்ஸ் என்று ஒரு கோமாளி டாக்டர் உண்டு. கெவின் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அவன் ஆரம்பத்திலிருந்தே நின்றான். ஐந்து சீசனுக்குப் பிறகு அந்த நடிகர் விலகினார். இன்னொரு கோமாளியைக் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவந்தது வின்செஸ்டரை. திமிர் பிடித்தவர், ஆனால் மற்றவர்களைவிடக் கைதேர்ந்த சர்ஜன், சங்கீதப் பைத்தியம். கடைசி எபிசோடில் சரணடைந்த சீனச் சிப்பாய்கள் ஐந்து பேருக்கு மோட்ஸார்ட் வாசிக்கச் சொல்லித் தருவார். தாளம் தப்பும்போது கத்துவார், அடுத்த நாளும் வந்து நிற்பார். அந்த ஐந்து பேரும் செத்துப்போகிறார்கள். இதுவரை சங்கீதம் எனக்கு ஒரு புகலிடம், இனி அதைக் கேட்டால் இதுதான் ஞாபகம் வரும் என்பார். திமிர் என்ற ஒற்றைக் குணத்தோடு உள்ளே வந்தவர்.

பிந்தைய ‘மேஷ்’ பிரசங்கம் செய்கிறது என்று குறை சொல்வார்கள். செய்கிறதுதான். சில எபிசோடுகளில் எல்லாரும் ஒரேயடியாக நல்லவர்களாகி நம்மைப் பார்த்து உபதேசம் செய்வார்கள், எனக்கும் கொட்டாவி வந்திருக்கிறது. ஆனாலும் கெலெவனா பிரசங்கமா என்றால் நான் பிரசங்கத்தின் பக்கம்.

எல்லாவற்றையும் தெரிந்தே செய்கிற ஒரு தொடரும் உண்டு. 2005இலிருந்து ஓடும் ‘இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா’. சிட்காம் நடிகர்கள் சீசனுக்குச் சீசன் அழகாகிக்கொண்டே போகிறார்களே என்று, அதை உருவாக்கி நடிக்கவும் செய்த ராப் மெக்கெல்ஹென்னி ஏழாவது சீசனுக்காக வேண்டுமென்றே உடம்பைப் போட்டார். ஒரு ஜோக்குக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள், ஆமாம், ஒரு ஜோக்குக்காக.

கல்லூரிக் கும்பலில் எனக்கு மறதிக்காரன் என்று பெயர். இரண்டு தடவை குடையைத் தொலைத்ததோடு சரி, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவர்களைப் பார்க்கப் போனால் வாசலிலேயே “டேய், எதையாவது விட்டுட்டு வந்தியா?” என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். போன தடவை ஃபோன் சட்டைப் பையில் இருப்பது தெரிந்தே, காணோம் என்று இரண்டு நிமிஷம் தேடினேன். நல்ல சிரிப்பு கிடைத்தது.

இப்போது ‘மேஷ்’ மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. க்ளிங்கருக்காகத்தான். பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வருஷக்கணக்காகப் பெண் வேஷம் போட்டுத் திரிகிறவன். ஒரு நாள் வேலைக்கு வந்த சின்னப் பாத்திரம். கடைசியில் போர் முடிந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பும்போது, கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு அவள் குடும்பத்தைத் தேட, அவன் மட்டும் கொரியாவிலேயே தங்கிவிடுவான். மூன்று எபிசோட் முடிந்திருக்கிறது, இன்னும் வரவில்லை. நாலாவதில் வருவான்.