‘சின்னச் சின்ன வேலைதான் பாக்கி’யாம்!

“சின்னச் சின்ன வேலைதான் பாக்கி.” பழைய கார் விளம்பரத்தில் இந்த வாசகத்தை எழுதுகிற ஒவ்வொருவரையும் பிடித்து, ஜனவரி மாதம், ஹீட்டர் இல்லாத கராஜில், சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணுக்குள் துரு கொட்டக் கொட்ட ஒரு மணி நேரம் கம்பி பிரஷ் போடவிட வேண்டும். அப்புறம் சொல்லட்டும், எது சின்ன வேலை என்று.

நான் வாங்கித் தொலைத்தது ஃபியட் எக்ஸ்1/9, 1981 மாடல், பாதி பிரித்துப் போட்ட நிலையில். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டே சீட், எஞ்சின் முதுகுக்குப் பின்னால், கழற்றி முன்பக்க டிக்கியில் வைத்துக்கொள்கிற கூரை, பட்டனைத் தட்டினால் தூக்கம் கலைந்த மாதிரி எழுந்துவரும் ஹெட்லைட். 1972-ல் வந்த வண்டி. பெர்தோனே என்ற இத்தாலிய கார் டிசைன் கம்பெனியில் இருந்தபோது மார்செல்லோ காந்தினி வரைந்தது, அதாவது லம்போர்கினி மியூராவையும் கவுண்டாக்கையும் வரைந்த அதே கை. எஞ்சினைச் செய்த அவ்ரேலியோ லாம்ப்ரெதி அதற்கு முன் ஃபெராரிக்கு வி12 எஞ்சின் செய்தவர். விற்ற மனுஷன் இதையெல்லாம் அரைமணி நேரம் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான், ஆனாலும் கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்கிறவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்த அரைமணி நேரத்தில் ஒரே ஒரு தடவை குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்திருக்கலாம். தூறிக்கொண்டிருந்தது, போட்டிருந்தது புது பேண்ட். அந்த பேண்டின் விலை இன்றைய கணக்குப்படி பல ஆயிரம் பவுண்டு.

என் புத்தி ஏன் அப்படிப் போனது என்றால், மதுரையில் அப்பா வைத்திருந்தது பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 டிலைட்தான் இந்தியாவில் அந்தப் பெயரில் ஓடியது. அப்பா கடைசிவரை அதை ‘ஃபியட்டு’ என்றேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனட்டைத் திறப்பார், நான் டார்ச் பிடிப்பேன், மதியச் சாப்பாட்டுக்குள் வண்டி கிளம்பிவிடும். ஃபியட் என்றால் நாலு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்று மண்டைக்குள் ஏறிவிட்டது. பத்மினியை அப்பா ஒருநாளும் பிரித்துப் பெட்டியில் போட்டு இன்னொருவன் தலையில் கட்டவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

2,800 பவுண்டு. இங்கிலாந்தில், கவென்ட்ரியில் எங்கள் வீட்டு வாசலில் டிரெய்லரிலிருந்து இறக்கினோம். வண்டி பாதி, அட்டைப்பெட்டி பாதி. மனைவி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏங்க, இதைப் போட்டா பேரீச்சம்பழமாவது குடுப்பானா?” என்று கேட்டாள். அன்றைக்குக் கோபம் வந்தது. அவள்தான் முதல் நாளே சரியான மதிப்பு போட்டவள்.

முதல் சனிக்கிழமை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். முன் சக்கரத்துக்கு மேலே ஒட்டியது. கதவில் ஒட்டியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் பகுதியில் வைத்தேன், பொத்தென்று தரையில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன், விழுந்தது. முழுக்கப் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசுகிற பசை. பட்டிக்கு மேல் தார் போல அண்டர்கோட்டிங், அதுவும் புத்தம் புதுசு. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தியதும் அடிப்பிடித்த தோசை மாதிரி ஒரு தகடு பெயர்ந்து வந்தது. உள்ளே இரும்பு இல்லை. செய்தித்தாள்! சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன், கால்பந்துப் பக்கம். வாங்கின வண்டியில் உருப்படியாகப் படிக்க முடிந்த ஒரே பொருள் அதுதான்.

இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. கூரையும் கழற்றுகிற கூரை என்பதால் பாரத்தின் பெரும்பங்கு அந்தச் சில்லில்தான் நிற்கிறது. துருவை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து முட்டுக் கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு மூடவே மூடாது. பின்பக்க ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் இடத்தில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகிற இரண்டு தண்ணீர்க் குழாய்களும் சல்லடை. எஞ்சின்? அது பரவாயில்லை, சத்தியமாகப் பரவாயில்லை. ஃபியட் 128 குடும்பத்து எஞ்சின், பாகமும் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. எல்லாரும் எஞ்சினைக் கேட்டுப் பயந்து விலை பேசுகிறோம், காசைத் தின்பது தகரம்.

ஃபியட்டை நான் திட்டவில்லை. குளிர்காலம் முழுக்க உப்பு கொட்டுகிற ரோட்டில் ஓடி, ஈரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் நின்றால் யாருக்கும் துருப்பிடிக்கும். ஆனால் துரு என்று வாயைத் திறந்ததும் ரஷ்ய இரும்புக் கதையோடு ஒருவர் வந்துவிடுகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1966-ல் சோவியத்தில் இருந்த தோலியாட்டியில் கார் தொழிற்சாலை கட்டித்தர ஃபியட் ஒப்பந்தம் போட்டதாம், அதற்குக் கூலியாக சோவியத்து மட்ட இரும்பைக் கொடுத்ததாம். ஒப்பந்தம் உண்மை. மட்ட இரும்புக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் “எல்லாருக்கும் தெரியுமே” என்கிறார்கள். இரும்பு எந்த ஊர் என்பதா இப்போது என் பிரச்சினை? இரும்பே இல்லை ஐயா, கால்பந்துப் பக்கம்தான் இருக்கிறது!

எம்ஓடி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற சோதனை, அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்கு, பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்தால், 2018-லிருந்து வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. “எம்ஓடி தொல்லையே கிடையாது” என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நானும் ஏதோ வரதட்சணை கிடைத்த மாதிரி சிரித்தேன். தொல்லை கிடையாது என்றால், அடியில் எட்டிப் பார்க்கும் கட்டாயம் யாருக்கும் கிடையாது என்று அர்த்தம். அரசாங்கத்தின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் பழைய சோதனை முடிவெல்லாம் இலவசமாக வரும். தட்டினேன், காசு கொடுத்து மூன்று வாரம் கழித்து. 2009-ல் ஃபெயில். காரணம் இரண்டு பக்கச் சில்லும். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை.

வெல்டிங் செய்கிறவர் வந்து பார்த்தார், மணிக்கு 60 பவுண்டு. குனிந்தார், நிமிர்ந்தார், டீ கேட்டார். தகர வேலைக்கு மட்டும் ஆறாயிரத்துக்குக் குறையாது என்றார், அதுவும் ‘வெட்டிப் பார்த்தால்தான் மீதி தெரியும்’ என்ற பின்குறிப்போடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வாள். நான் இதை வாங்கிய அதே வாரம், ஓடுகிற நிலையில் ஒரு எக்ஸ்1/9 விளம்பரத்தில் 7,500-க்கு இருந்தது. கொள்ளை விலை என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் இப்போது வாரம் ஒரு முறை ஃபோன் செய்து, “மச்சி, அந்தக் கொள்ளைக்காரன் வண்டி வித்துருச்சா?” என்று கேட்கிறான்.

பெட்டிகள் இன்னொரு தனிக் கொடுமை. மொத்தம் பதினொன்று, அவற்றுக்குள் ஐஸ்கிரீம் டப்பாக்கள், டப்பாக்களுக்குள் போல்ட்டு. எது எந்த இடத்து போல்ட் என்று ஒரு டப்பாவிலாவது எழுதியிருக்கிறதா என்றால், ஒன்றில் எழுதியிருந்தது, ‘இதர’ என்று. டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டு இருக்கிறது. வைப்பர் மோட்டார் ஒன்று இருக்கிறது, அது வேறு ஏதோ வண்டியுடையது. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லவே இல்லை. நானே பிரித்திருந்தால் எது எங்கே இருந்தது என்பது கையிலாவது ஞாபகம் இருக்கும். இன்னொருவர் பிரித்து, மலைத்து, கைகழுவிய வண்டியை வாங்கினால் அந்த ஞாபகம் அவரிடமே தங்கிவிடுகிறது, நமக்கு டப்பா வருகிறது.

டிவியில் வேறு காட்டுகிறார்கள், துருப்பிடித்த வண்டி உள்ளே போகிறது, ஒரு மணி நேரத்தில் இரண்டு விளம்பர இடைவேளையோடு பளபளவென்று வெளியே வருகிறது. ஒரே ஒரு துருப்பிடித்த போல்ட்டோடு நான் ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை நாலு வரை மல்லுக்கட்டினேன். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, கெஞ்சி, கடைசியில் தலை மட்டும் தனியாக உடைந்து கையில் வந்தது. அதை யாரும் படம் எடுக்க வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை விற்ற மனுஷனிடமிருந்து மெசேஜ். வேலை எப்படிப் போகிறது, முடிந்ததும் ஒரு ரவுண்டு கூட்டிப்போக வேண்டும் என்று எழுதி, கூடவே ஒரு நற்செய்தி: பரணைச் சுத்தம் செய்தபோது இந்த வண்டியின் பெட்டி இன்னும் ஒன்று அகப்பட்டதாம், வேண்டுமானால் 40 பவுண்டுக்குத் தருவாராம். என் வண்டியின் பெட்டியை எனக்கே! பதிலுக்கு நான் தட்டச்சு செய்து அழித்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஸ்டார்ட்டர் அதில் இருக்கலாம். சனிக்கிழமை போகிறேன்.