டெண்டரில் பேர் ஒருத்தருடையது, சைட்டில் நிற்பது இன்னொருத்தர்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு டெண்டர் வரைவை அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். ரயில் பாதை ஒன்றை மின்மயமாக்கும் வேலை, அதற்குக் கன்சல்டன்ட் எடுக்கிறார்கள். நாற்பது பக்கத்தில் முக்கால்வாசி, நிறுவனத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு இருக்க வேண்டும், மொத்தம் எத்தனை அறிக்கை, ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதி என்பதுதான். பாதைக்காரர், மின்சாரக்காரர், சிக்னல்காரர் மூன்று பேர் வேலையும் மோதிக்கொள்கிற இடத்தை யார் பார்ப்பது என்று ஒரு வரிகூட இல்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்சல்டன்டே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துப் போட்டால், வெயிலில் நீள இடமில்லாமல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 1.8 டன் விசை உள்ளே ஏறும். நாற்பது டிகிரி ஏறினால் எழுபது டன்னுக்கு மேல். அதை எந்த வெப்பநிலையில் பூட்டுவது என்பது ஒரே ஒரு எண், ஆனால் அந்த எண் தப்பினால் வெயிலில் பாதை பாம்பாக வளையும், குளிரில் முறியும். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டவாளம் ஒன்றுதான், ஆனால் பாதைக்காரருக்கு அது சக்கரம் ஓடும் இரும்பு, மின்சாரக்காரருக்கு மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி, சிக்னல்காரருக்கு ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் மின்சுற்று. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் மூன்று துறைக்கும் மூன்று கன்சல்டன்ட், மூன்று அறிக்கையும் தனித்தனியாகப் படித்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தால் ஒரு பகுதியில் மட்டும் ரயிலே இல்லாமல் சிக்னல் சிவப்பாகிவிடும், காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். ஆறு வாரம் கேபிளை மாற்றினோம், அந்தச் சுற்றில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்து சிக்னலை மாற்றும் ரிலேயை மாற்றினோம், சேறு சேர்ந்திருக்கிறது என்று ஜல்லியைச் சலித்துக்கூடப் போட்டோம்.

கடைசியில் ஓய்வு பெற்ற சிக்னல் பொறியாளர் ஒருவரை இரண்டு நாளைக்குக் கூப்பிட்டார்கள். மனிதர் அலுவலகப் பக்கமே வரவில்லை, நேராகப் பாதையில் இறங்கி நடந்தார். ஒவ்வொரு மின்கம்பத்திலும் குனிந்து, அடியிலிருந்து வரும் இணைப்புக் கம்பி எந்தத் தண்டவாளத்தில் போய்ச் சேர்கிறது என்று மட்டும் பார்த்தார். பதினோராவது கம்பத்தில் நின்று ஷூ முனையால் தட்டி, "இது எதுக்கு இந்தப் பக்கம் போகுது?" என்றார். அந்த வகைச் சுற்றில் இரண்டில் ஒரு தண்டவாளம் மின்னோட்டம் திரும்ப, மற்றது சிக்னலுக்கு. கம்பத்தை முதலாவதோடுதான் சேர்க்க வேண்டும். மின்சாரக்காரரின் வரைபடத்தில் 'அருகிலுள்ள தண்டவாளத்துடன் இணைக்கவும்' என்று இருந்தது, அங்கே அருகில் இருந்தது சிக்னல் தண்டவாளம். மண் நனைந்ததும் சிக்னல் மின்சாரம் ரிலேக்குப் போகாமல் கசிந்து, அங்கே ரயில் நிற்கிறது என்று ரிலே நம்பிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள் கூலி, அறிக்கை எழுதியவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இது சின்ன இடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2014-இல் பிரான்சில் புதிதாக வாங்கிய ரயில்கள் பல நிலையங்களுக்கு அகலம் கூடுதலாகப் போய், சுமார் 1300 நடைமேடைகளைச் செதுக்க வேண்டியிருந்தது, செலவு 5 கோடி யூரோ. பாதையை வைத்திருந்தது ஒரு நிறுவனம், ரயிலை ஓட்டுவது இன்னொன்று. கொடுத்த அளவுகள் புதிய நடைமேடைகளுடையவை, பழையவற்றை யாரும் போய் அளக்கவில்லை. லண்டனின் கிராஸ்ரெயில் என்ற புது ரயில் தடம் 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, திறந்தது 2022 மே மாதம். ஒரே ரயில் மூன்று விதமான சிக்னல் முறைகளுக்குள் மாறி மாறி ஓட வேண்டியிருந்தது அங்கே பெரிய தலைவலிகளில் ஒன்று. இரண்டு இடத்திலும் நிபுணர்களுக்குப் பஞ்சமா என்ன?

அப்புறம் வேலை கொடுப்பவர் பக்கம். 2000 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் சுக்குநூறாக உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த விரிசல் முன்பே தெரிந்ததுதான், மாற்றுவதற்கான தண்டவாளம்கூடப் பாதை ஓரத்தில் வந்து கிடந்தது. பராமரிப்பை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதை எடைபோட உள்ளே ஆளைக் குறைத்துக்கொண்ட, அந்தப் பாதைகளை வைத்திருந்த ரெயில்ட்ராக் நிறுவனம் அதற்கப்புறம் எழவே இல்லை. கன்சல்டன்டுக்குப் பணம் கொடுக்கலாம், ஆனால் அவர் எழுதியதைப் படித்து "இது ஏன் இப்படி?" என்று கேட்கிற ஆளை வெளியே வாங்க முடியாது, உள்ளே வளர்க்கத்தான் வேண்டும்.

டெண்டர்க் கூத்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். முப்பது வருட அனுபவம் உள்ளவரின் விவரத்தைக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள், ஒப்பந்தம் கையெழுத்தானதும் "அவருக்கு வேறு பணி" என்று கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆன பையனை அனுப்புவார்கள். பையன் மேல் கோபமில்லை, பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. வடிவமைத்த நிறுவனத்தையே சரிபார்க்கவும் வைப்பது அதைவிட மோசம். சிக்னல் பாதுகாப்புக்கான இஎன் 50129 என்ற ஐரோப்பியத் தரநிலை, மதிப்பீடு செய்பவர் தனி ஆளாக இருக்க வேண்டும் என்று சும்மாவா சொல்கிறது?

நண்பருக்கு இரண்டே திருத்தம் சொன்னேன். பேர் கொடுத்தவர் மாதத்தில் இத்தனை நாள் பாதையில் நடக்க வேண்டும், வராத மாதத்துக்குப் பணம் கிடையாது என்று போடுங்கள். மூன்று துறைக்கும் பொதுவாக ஒருவரை வரைபடம் தொடங்கும் முன்பே எடுங்கள், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

அவர் யோசித்துவிட்டு, "முதலாவது பரவாயில்லை, இரண்டாவதுக்கு மேலே ஒத்துக்க மாட்டாங்க" என்றார். சரி, உங்கள் பக்கம் இந்த அறிக்கைகளைப் படிக்கப்போவது யார் என்று கேட்டேன். திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றைக்கு வியாழன்.