காரட் போட்டாப் போதுமாங்க?

பாக்கெட் இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் காரட், பீன்ஸ் சேர்த்துட்டா குழந்தைக்குச் சத்தான உணவுன்னு ஒரு கட்டுரை சொல்லுது. நாலு துண்டு காரட் நூடுல்ஸில் இருக்கற மைதாவை மாத்திடாதுங்க. பெரும்பாலான வகைகள் பாமாயிலில் பொரிச்சுக் காய வெச்சவை. 

பாக்கெட் பின்னாடி சோடியம் பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருப்பாங்க. அங்க 1000 மி.கி. இருந்தா, 70 கிராம் பாக்கெட்டில் 700 மி.கி. அதை 2.5ஆல் பெருக்கினா உப்பு சுமார் 1.75 கிராம். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும். மசாலாப் பொடியில் உப்பு அதிகம், பாதியைக் கொட்டிடுங்க. முட்டையோ வேகவெச்ச பாசிப்பயறோ சேர்த்தாத்தான் நல்ல புரதம் கிடைக்கும். எப்பவாவது ஒருநாள்னா பரவாயில்லை, தினமும் டிபன் பாக்ஸில் வேண்டாம்.

நம்ம கொங்குல அரிசியில் இழையா பிழியற சந்தகை இருக்கறப்ப இதுக்கு ஏனுங்க அலையறது? இட்லி அரிசியை 4 மணி நேரம் ஊறவெச்சு, நைசா ஆட்டி, இட்லியா வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள பிழியணும். ஆறிட்டா இறுகிப்போய், பிழியற மரக் கருவியை அழுத்தவே முடியாது. மாவு கொரகொரன்னு இருந்தா இழை அறுந்து விழும். இதுவும் மாவுச்சத்துதான், ஆனா பொரிக்கறதில்லை, உப்பு நம்ம கையில. எள்ளுப்பொடி தூவியோ தேங்காய்ப்பால் ஊத்தியோ குடுங்க.