ஜான் ரூயிஸும் சார்லஸ் மார்ட்டினும் ஒண்ணா?

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில ‘பெல்ட் (உலகப் பட்டம்) வாங்கின டம்மி சாம்பியன்கள்’னு சுத்துற பட்டியலை ஆளாளுக்கு ஷேர் பண்ணி என்னையும் டேக் பண்ணிட்டீங்க. பார்த்தாச்சு. முதலிடம் ஜான் ரூயிஸாம், அடுத்தது சார்லஸ் மார்ட்டினாம். ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெச்சதுதான் கடுப்பு.

1996-ல டேவிட் டுவா ரூயிஸை 19 செகண்டுல படுக்கப் போட்டார். உங்க எல்லார்கிட்டயும் இருக்கறது அந்த ஒரு கிளிப்தான். அதே ரூயிஸ் 2001 மார்ச்ல அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டைப் பதினொண்ணாவது ரவுண்டுல தரையில உட்கார வெச்சு, பாயிண்ட்ல ஜெயிச்சு டபிள்யூபிஏ (உலகப் பட்டம் தர்ற அமைப்புகள்ல ஒண்ணு) பெல்ட்டை எடுத்தாரே, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. ஹோலிஃபீல்டுக்கு அப்போ 38 வயசு, சரி. வயசானவரை ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான்.

ரூயிஸ் ஆட்டம் பார்க்க அழகா இருக்காது. ஜாப் (முன்கையால நேரா விடற குத்து) போடுவார். அது போய்ச் சேர்றதுக்குள்ள முன்காலை உள்ள வெச்சு நெஞ்சோட நெஞ்சா ஒட்டிக்குவார். எதிராளி கையை அக்குள்ல இறுக்கிட்டு, கழுத்து மேல எடையைச் சாய்ப்பார். நடுவர் வந்து பிரிக்கிற வரைக்கும் இன்னொரு கையால விலாவுல குத்து. நூறு கிலோ ஆள் ரவுண்டு ரவுண்டா மேல சாய்ஞ்சா தோள் செத்துடும், எட்டாவது ரவுண்டுல ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு விடற குத்து) கிளம்பவே கிளம்பாது. இது பலிக்காத இடமும் உண்டு: கால் வேகம் உள்ளவங்க. 2003-ல ராய் ஜோன்ஸ் ரூயிஸைவிடப் பதினஞ்சு கிலோ எடை கம்மியா வந்து, ஜாப் வர்றதுக்குள்ள நகர்ந்துட்டே இருந்தார். ரூயிஸுக்குப் பிடிக்க ஆளே சிக்கல.

மார்ட்டின் கதை வேற. 2015 நவம்பர்ல டைசன் ஃப்யூரி அப்போதைய சாம்பியன் கிளிட்ச்கோவை ஜெயிச்சார். ஒப்பந்தப்படி மறுபடியும் கிளிட்ச்கோவோடதான் ஆடணும். பட்டம் தர்ற இன்னொரு அமைப்பான ஐபிஎஃப்போ ‘எங்க சேலஞ்சர் வியாசஸ்லாவ் கிளாஸ்கோவோட ஆடு’ன்னு சொல்லி, ரெண்டு வாரத்துக்குள்ள பெல்ட்டைப் பிடுங்கிடுச்சு. காலியான பெல்ட்டுக்கு கிளாஸ்கோவும் மார்ட்டினும். மூணாவது ரவுண்டுல கிளாஸ்கோவ் முழங்கால் போச்சு, மார்ட்டின் உலக சாம்பியன்! 84 நாள் கழிச்சு லண்டன்ல ஜோஷுவா ரெண்டாவது ரவுண்டுல கதையை முடிச்சார். இதுல மார்ட்டின் மேல என்ன தப்பு? கூப்பிட்டாங்க, வந்தார். கேட்க வேண்டியது பட்டம் தர்ற இந்த அமைப்புகளை. ஒவ்வொரு டைட்டில் ஃபைட்டுக்கும் வீரர் சம்பளத்துல அவங்களுக்குப் பங்கு. பெல்ட் கூடினா வசூலும் கூடும். டபிள்யூபிஏ ஒரே எடைக்கு ‘சூப்பர்’, ‘ரெகுலர்’னு ரெண்டு வெச்சிருந்ததே! 2017-ல ஜோஷுவா சூப்பர், மானுவல் சார்ங்கற வீரர் ரெகுலர். அந்த மானுவல் அந்த பெல்ட்டோட மூணு வருஷம் ஒரு ஃபைட்கூட ஆடல.

‘அப்போ ரூயிஸ் அலிக்குச் சமமா?’ன்னு வருவீங்க. யாருய்யா சொன்னா?

‘போர் அடிக்குது, காசு கொடுத்துப் பார்க்கறவன் என்ன பண்ணுவான்?’ இது நியாயம். கட்டிப்பிடிக்கிறது ஃபவுல்தான். நடுவர் எச்சரிச்சு, கேட்கலைன்னா பாயிண்ட் குறைக்கணும். அதுக்குத்தானே அவரை உள்ள விட்டிருக்கு? அவர் சும்மா இருந்தா ரூயிஸ் ஏன் விடணும்? உங்க பொழுதுபோக்குக்காக டுவா மாதிரி இன்னொருத்தர்கிட்ட போய்த் தாடையை நீட்டணுமா?

2005-ல ஜேம்ஸ் டோனிகிட்ட தோத்தார். எல்லாரும் கைதட்டினாங்க, ‘ஒழிஞ்சான்’னு. மனுஷன் ரிட்டயர்மென்ட்டே அறிவிச்சுட்டார். அப்புறம் டோனியோட ஊக்கமருந்து டெஸ்ட்ல நாண்ட்ரோலோன்ங்கற தடை செஞ்ச மருந்து வந்து, முடிவு ரத்தாகி, பெல்ட் ரூயிஸ்கிட்டயே நின்னுச்சு. அதையும் ‘ஓசி பெல்ட்’னு எழுதறாங்க. டெஸ்ட்ல மாட்டினவர் மேதை, சுத்தமா ஆடினவர் டம்மி. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.