வானொலியில் மூன்று பேர் பேசினால்

வானொலி உரை என்றதும் பலருக்கு ஒரே மாதிரிக் குரல்தான் நினைவுக்கு வரும். "இன்றைய காலகட்டத்திலே..." என்று தொடங்கி, பத்து நிமிடம் காகிதத்தைப் படித்து முடிக்கிற குரல். பேசுகிறவர் நிஜமாகவே படிப்பாளியாக இருப்பார். அவரிடமே அதே விஷயத்தை டீக்கடையில் கேட்டால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்கலாம். மைக் முன்னால் வந்ததும் ஏன் சப்பென்று போய்விடுகிறது? அவர் மேல் குற்றமில்லை. நாம் நிகழ்ச்சி தயாரிக்கிற முறையில்தான் கோளாறு. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக நடக்கிற ஒன்றை முதலில் பிரித்துப் பார்க்கலாம். பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4-இல் 'இன் அவர் டைம்' என்ற உரையாடல் நிகழ்ச்சி 1998 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. நடத்தியவர் மெல்வின் பிராக். அந்த ஆண்டுதான் அவர் தொழிற்கட்சி சார்பில் பிரபுக்கள் சபைக்குப் போனார். நடுநிலைப் பிரச்சினை வரும் என்று, பத்து வருடமாக நடத்தி வந்த திங்கட்கிழமை நிகழ்ச்சியை அவர் விட வேண்டியதாயிற்று. பதிலுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை காலை 9 மணி, ஒலிபரப்புக்காரர்களே 'செத்த நேரம்' என்று ஒதுக்கி வைத்திருந்த இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் ஒளித்துகள், இன்னொரு வாரம் பகவத் கீதை, மற்றொரு வாரம் அசோகர் என்று ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டினார். 2025 செப்டம்பரில்தான் விலகினார்.

அமைப்பு மிக எளிமை. 45 நிமிட இடம், தலைப்பு ஒன்று, விருந்தினர் மூவர். மூவரும் அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறவர்கள். புதுப் புத்தகத்தை விற்க வந்தவர்கள் இல்லை, அன்றைய செய்தியோடு தலைப்பை முடிச்சுப் போடுவதும் இல்லை. இசை இல்லை, நேயர் அழைப்பு இல்லை. தயாரிப்புக் குழு விருந்தினர் ஒவ்வொருவரிடமும் முன்பே பேசிக் குறிப்பெடுக்கிறது. அந்தக் குறிப்பையும் படிக்க வேண்டியவற்றையும் நடத்துகிறவர் படித்துவிட்டு வருகிறார். எந்தக் கேள்வி முதலில், எது யாருக்கு, எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர் கையில் தயாராக இருக்கும். பதிலை மட்டும் யாரும் எழுதிக்கொண்டு வந்து படிப்பதில்லை.

நம் நிலையங்களில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வசனத்தை முழுக்க எழுதி வாங்கிவிடுகிறோம். பேச்சு எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. எழுத்துப் படி முன்கூட்டியே வர வேண்டும், நிலையம் பார்க்க வேண்டும், பிறகு ஒலிப்பதிவு என்ற பழக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆகாசவாணிக்கு 1970-இலிருந்து ஒரு நெறிமுறை இருக்கிறது. நட்பு நாடுகளைக் குறை சொல்லக் கூடாது, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மதத்தையோ சமூகத்தையோ இழித்துப் பேசக் கூடாது என்று அது நீளும். அரசியல் பேச்சுக்கு அதனால் கை கட்டப்படுவது உண்மை. ஆனால் சோழர் கால ஏரி நிர்வாகத்தைப் பற்றியோ ஒரு நாவலைப் பற்றியோ மூன்று பேர் உட்கார்ந்து பேச அதில் என்ன தடை இருக்கிறது? நெறிமுறையைக் காரணம் காட்டிச் சோம்பலை மூடி மறைக்கிறோம் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே கதி. ஆக, நாட்டு நடப்பை வானொலியில் பேச உரிமையுள்ள ஒரே இடம் பொது வானொலி. எதிர்க்கடை இல்லாத ஊரில் கடை வைத்துக்கொண்டு, பாதிக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

பேச்சுக்கு வழி போடுவது என்றால் என்ன? ஒரு தலைப்பை எடுத்துப் போட்டே பார்க்கலாம். தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அறிவிப்பு, முகப்பு போக நிகரமாக 42 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். மூன்று வரலாற்றுப் பேராசிரியர்களைக் கூப்பிட்டால் ஒருவர் சொன்னதையே மற்ற இருவரும் வழிமொழிவார்கள். வேளாண்மை, நில வரி தெரிந்த ஒருவர், மருத்துவ வரலாறு அறிந்த ஒருவர், பஞ்சக் கும்மி போன்ற நாட்டார் பாடல்களில் ஊறிய ஒருவர் என்று அழைத்தால், மூவருக்கும் சொல்ல வேறு வேறு சரக்கு இருக்கும்.

முதல் நான்கு நிமிடத்தில் எப்போது, எங்கே, எவ்வளவு பெரிது என்று முடித்துவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 55 லட்சம் என்ற மதிப்பீட்டை இங்கேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் 'திடுக்' காட்ட ஒளித்து வைக்காதீர்கள். அடுத்த எட்டு நிமிடம் மழை பொய்த்தது, விலை ஏறியது, கூலிக்காரர் வீட்டில் முதலில் என்ன விற்கப்பட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் உள்ளே வருகிறார். இங்கே நின்று நிதானமாகப் பேச வேண்டும், பன்னிரண்டு நிமிடம்கூடக் கொடுக்கலாம். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு தானியம் என்றிருந்ததை 1877-இல் அவர் ஒரு பவுண்டாகக் குறைத்தார், கூடவே ஒரு அணா. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று மண் சுமக்க முடியாது என்று எதிர்த்தார். மருத்துவம் தெரிந்தவரைக் கூப்பிட்டதே இந்த இடத்துக்காகத்தான். 'ஒரு பவுண்டு' என்று சொன்னால் நேயர் காதில் எதுவும் விழாது. "அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான அரிசி, காலையிலிருந்து மாலை வரை வாய்க்கால் வெட்டுகிற ஆளுக்கு" என்று நடத்துகிறவர் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டும். எந்த வாய்க்கால் என்று கேட்டால் சென்னைக்காரர்களுக்குக் காட்ட ஒன்று இருக்கிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரணத்தில் வெட்டியதுதான்.

24-ஆவது நிமிடத்துக்கு மேல் ரயில், தானிய ஏற்றுமதி, அதே நேரத்தில், விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்க 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் நடந்த தர்பார். பிறகு இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்கள், அவர்கள் பாடிய பாட்டு. கடைசி நான்கு நிமிடம் 1880 பஞ்ச ஆணையம், அதிலிருந்து வந்த பஞ்ச விதிகள். இது ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் நடத்துகிறவர் பேசுகிறவரைக் கேட்காமல் காகிதத்தைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த வழியை விருந்தினருக்கும் முன்பே அனுப்பலாம், கேள்விகளை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை அனுப்பக் கூடாது. அனுப்பினால் வீட்டிலேயே பதில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். பழைய கதைதான்.

முன்கூட்டிப் பேசுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தயாரிப்பாளர் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசட்டும், நடத்துகிறவர் பேச வேண்டாம். ஒரே ஆளிடம் ஒரே கதையை இரண்டாம் முறை சொல்லும்போது "நான் உங்ககிட்ட முன்னாடியே சொன்ன மாதிரி" என்று ஆரம்பிப்பார்கள். நேயருக்கு எதுவும் சொல்லவில்லையே ஐயா!

காதுக்கு ஒரு பெரிய குறை, திரும்பிப் பார்க்க முடியாது. புத்தகத்தில் முன் பக்கத்தைப் புரட்டலாம், வானொலியில் விட்டால் விட்டதுதான். சோழர் வரலாறு பேசும்போது இது நன்றாகத் தெரியும். ராஜராஜன், ராஜேந்திரன், ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன் என்று ஒரே நிமிடத்தில் நான்கு பெயர் வந்தால் ஐந்தாவது நொடியில் நேயர் கை நிலையம் மாற்றும் பொத்தானுக்குப் போகும். 'அப்பா', 'மகன்', 'தஞ்சைக் கோயில் கட்டியவர்', 'கங்கை வரை படை அனுப்பியவர்' என்று உறவையும் செயலையும் பிடித்துப் போக வேண்டும். எண்ணுக்கும் அதே விதி. ஒரு பதிலில் இரண்டு எண்ணுக்கு மேல் தங்காது. எழுதிப் படித்தே ஆக வேண்டிய இடத்தில் தமிழுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் என்று கணக்கு வையுங்கள். ஆங்கிலக் கணக்கில் 150 என்று எழுதி வந்தால் கடைசி மூன்று நிமிடம் ஓட்டப் பந்தயமாகிவிடும், நம் சொற்கள் நீளமானவை.

குரல் அடையாளமும் முக்கியம். மூன்று ஆண்கள் ஒரே வயதில் உட்கார்ந்தால் யார் பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிராக் பெயர் சொல்லித்தான் கேள்வி கேட்டு வந்தார். மரியாதைக்காக அல்ல, நேயருக்கு வழிகாட்ட. நம் ஊரில் எல்லாரையும் 'ஐயா' என்றே கூப்பிடுவதால் ஸ்டூடியோவில் மூன்று ஐயாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

மைக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, மைக் வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக இருந்தால் அழுத்திச் சொல்லும் 'ப' ஒவ்வொன்றும் டொப் டொப்பென்று வெடிக்கும். கண்ணாடி வளையல், மேசையைத் தட்டும் விரல், காகிதச் சலசலப்பு, வாட்ச் பட்டை எல்லாம் கேட்கும். சைலண்டில் போட்ட செல்போன் மேசை மேல் அதிர்ந்தால் இடி மாதிரி இருக்கும், அதை அறைக்கு வெளியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஒலி அளவு பார்க்க "ஒன்று இரண்டு மூன்று" சொல்லச் சொல்வதில் பயனில்லை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான குரல் வரும். வெளியூரிலிருந்து இணையும் விருந்தினருக்கு அவர் குரலே திரும்பிப் போகாதபடி அனுப்ப வேண்டும். மற்ற எல்லாருடைய ஒலியும் போகலாம், அவருடையது மட்டும் கூடாது. இதை மறந்தால் தன் குரலே அரை நொடி தாமதமாகக் காதில் விழுந்து, நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குக் குழறும்.

ஆளை நேரில் பார்க்க முடியாவிட்டால் பேச்சு கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் 'ஃப்ரெஷ் ஏர்' நேர்காணல் நிகழ்ச்சி நல்ல பதில். பிலடெல்பியாவில் டெர்ரி கிராஸ் 1975-இலிருந்து நடத்துகிறார். விருந்தினர் பெரும்பாலும் வேறு ஊர் ஸ்டூடியோவில் இருப்பார், முகமே தெரியாது. அது வசதி என்றே சொல்லலாம், நேயர் காதுக்கு எது போகிறதோ அது மட்டும்தான் கிராஸுக்கும் கிடைக்கிறது. பதிவு நிகழ்ச்சி என்பதால் பதில் சரியாக வரவில்லை என்றால் மறுபடி தொடங்கலாம் என்று விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுவார். இந்த ஒரு வரி போதும், எத்தனையோ பேரின் கை நடுக்கம் நிற்கும்.

நேயர் அழைப்பு வைத்தால் வேறு ஆபத்து. "வணக்கம் சார், உங்க நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்கு சார், ரொம்ப நாளா ட்ரை பண்றேன் சார்" என்பதிலேயே அரை நிமிடம் போகும். அழைப்பை முதலில் எடுக்கிறவர்தான் நிகழ்ச்சியின் உண்மையான ஆசிரியர். பெயர், ஊர், ஒரே வாக்கியத்தில் கேள்வி, இவ்வளவு போதும். முழுக் கதையையும் அவரிடமே கொட்ட விடக் கூடாது, கொட்டிவிட்டால் ஒலிபரப்பில் ஆறிய காப்பிதான் வரும். வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்ல வேண்டும். யார் முதலில் அழைத்தார் என்று பார்க்காமல், எந்தக் கேள்வி இப்போது பொருந்தும் என்று பார்த்து வரிசை போட வேண்டும். கெட்ட வார்த்தை வந்தால் வெட்ட ஏழு நொடித் தாமதக் கருவி இருந்தால் நிம்மதி.

புத்தக நிகழ்ச்சி பற்றி எனக்குக் கோபமே உண்டு. இயல் ஒன்றில் இது, இயல் இரண்டில் அது, நூல் கட்டமைப்பு நன்று, விலை இவ்வளவு, ஆசிரியருக்கு வாழ்த்துகள். இதற்குப் பெயர் நூல் அறிமுகமா, சரக்குப் பட்டியலா? நடத்துகிறவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது முதல் விதி, அதுவே கடைசி விதியும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து 90 நொடிக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த உடனே "இந்த ஆள் ஏன் கதவைத் திறக்கவில்லை?" என்பது போல அந்தப் பத்திக்குள்ளிருந்தே கேளுங்கள். "இந்த நூலை எழுதத் தூண்டியது எது?" என்று கேட்டால் ஆசிரியர் பத்து மேடைகளில் சொன்ன பதிலைப் பதினோராவது முறை சொல்வார்.

தமிழில் இதற்கெல்லாம் முன்னோடி இல்லையா என்றால், இருக்கிறார். பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்று இந்தத் தொழிலைப் பற்றித் தமிழிலேயே ஒரு புத்தகம் எழுதி வைத்தார். 1941-இல் தொடங்கிய அந்தச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் முடிந்துபோனது. புத்தகம் இன்னும் இருக்கிறது.

நிலையங்களில் வேலை செய்யும் நண்பர்களுக்கு, காசு செலவில்லாத ஒன்று. 'இன் அவர் டைம்' பாட்காஸ்ட்டில் நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில நிமிடம் கூடுதலாக வரும். எதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று மூவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காப்பியா என்று கேட்பதோடு முடியும். நம் ஸ்டூடியோவிலும் சிவப்பு விளக்கு அணைந்ததும் விருந்தினர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "உண்மையில என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பிப்பார். முன்பே அவரிடம் அனுமதி கேட்டு வைத்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிடமும் ரெக்கார்டரை ஓட விடுங்கள்.