கோலம் போடத் தெரிந்த பெண் அறிவியலாளர்கள் தேவை

அந்தப் போஸ்டரை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எனக்கு அதை அனுப்பாத ஆள் இல்லை. ஒரு கல்லூரியைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை என்பதால் படத்தை இங்கே போடவில்லை. பார்க்காதவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: பெண் அறிவியலாளர்களுக்கான இரண்டு நாள் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு. மேலே வானிலை விஞ்ஞானி அன்னா மணி படம். கீழே வட்ட வட்டமாகப் பேச்சாளர்கள் ஒன்பது பேர். அதில் எட்டு பேர் கோட்டு போட்ட சார்கள். ஒன்பதாவது ஒரு மேடம், நன்றியுரை. இரண்டாம் நாள் மதியம் 'வேலையும் வீடும்: சமநிலை காண்பது எப்படி' என்று ஓர் அமர்வு. அதையும் ஒரு சார்தான் நடத்துகிறார். அவருக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரிந்திருக்கும், வீட்டில் யாரோ சமநிலையைப் பார்த்துக்கொள்வதால்தானே இரண்டு நாள் வெளியூர் வர முடிகிறது.

இதுகூடப் பழகிப்போனதுதான். எனக்குச் சுருக்கென்று பட்டது அடியில் இருந்த கூகுள் ஃபார்ம். 'தன்னார்வலர்களாகப் பணியாற்றப் பெண் ஆய்வு மாணவிகளுக்கு அரிய வாய்ப்பு.' சரி, என்ன வாய்ப்பு என்று திறந்தால் ஐந்து பணிகள், ஒன்றை டிக் செய்ய வேண்டும். வரவேற்பு, பதிவு மேசை, தொகுப்புரை, உணவு உபசரிப்பு, கோலமும் மேடை அலங்காரமும். எல்லோரும் ஒரே நிறப் புடவையில் வர வேண்டும். சான்றிதழ் உண்டு. தன்னார்வலர்களும் பதிவுக் கட்டணம் 500 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது கோலமும் நாமே போட்டு, அந்தக் கோலத்தைத் தாண்டி உள்ளே போகக் காசும் நாமே கொடுக்க வேண்டும்.

நான் இரண்டே வரிதான் கமெண்ட் எழுதினேன், அதுவும் மரியாதையாக. அதற்கு ஒரு மூத்த பேராசிரியர், 'வாய்ப்பு கொடுத்தாலும் குறை, கொடுக்காவிட்டாலும் குறை' என்று பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு ஹார்ட் போட்டவர்களில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். பரவாயில்லை, நல்லா இருங்க.

ஐயா, இது வாய்ப்பு இல்லை, வேலை. சம்பளம் இல்லாத வேலை. இதற்கு வாய்ப்பு என்று பெயர் வைத்தது நீங்கள். பந்தி பரிமாறுவதை நான் இழிவாகச் சொல்லவில்லை (எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்னைப் போல் பரிமாற ஆள் கிடையாது). ஆனால் அதைச் செய்தால் அறிவியலில் என் திறன் மேம்படும் என்று சொல்லாதீர்கள்.

என் பீரோவில் ஒரு ஃபைல் இருக்கிறது. எம்.எஸ்சி. முதல் வருஷத்தில் ஆரம்பித்து இதுவரை வாங்கிய தன்னார்வலர் சான்றிதழ்கள், நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன், 41. முதல் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து டிவிக்கு மேலே வைத்திருந்தாள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்த 41-இல் ஒன்றைக்கூட யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பேப்பர் எத்தனை, யாரிடம் வேலை பார்த்தாய், எந்த லேப் போயிருக்கிறாய், இவ்வளவுதான் கேட்டார்கள்.

'ஆண் ஸ்காலர்களும்தான் சேர் தூக்குகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள், அவர்கள் என்ன பேராசிரியர் ஆகிவிட்டார்களா?' என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பையன்கள் சேர் மட்டும் தூக்குவதில்லை, விமான நிலையத்துக்கும் போகிறார்கள். சிறப்பு விருந்தினரைக் கூட்டிவர எப்போதும் ஒரு பையன்தான். ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். வழியில் ஒரு டீ. தம்பி நீங்க எதுல ஆராய்ச்சி பண்றீங்க என்று அவர் கேட்பார், இவன் சொல்வான். இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொள்வான், ஆறு மாதம் கழித்து அவர் லேபில் பதினைந்து நாள் போய் உட்கார்ந்து சாம்பிள் ஓட்டிவிட்டு வருவான். என்னோடு ஆய்வு செய்தவனுக்கு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, கிடைத்தது இப்படித்தான். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன் என்று அந்தப் பேராசிரியருக்குத் தெரிந்தது காருக்குள். அதே நேரத்தில் நான் வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றேன். அவர் தலையில் நான்கு சொட்டு தெளித்தேன், கற்கண்டு எடுத்துக்கொண்டார், தேங்க்யூம்மா என்றார். எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

பெண்களை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கோலம் போட வரச் சொல்லும்போது அந்தப் பாதுகாப்பு எங்கே போயிருந்ததோ.

தன்னார்வம் என்றாலே எனக்குக் கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி என்று தமிழ்நாட்டுக்குக் குறுக்கே போனது. கிரகணத்தில் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்ற பயத்தைப் போக்க ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் போனார்கள். நாங்கள் நாலு பெண்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போனோம். கொண்டுபோன சூரியக் கண்ணாடி வந்த கூட்டத்துக்குப் போதவில்லை. அப்போது ஒரு அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் இடியாப்பத் தட்டை எடுத்து வந்தார். அதை வெயிலில் நீட்டிப் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு சின்னச் சூரியன் தரையில் விழும். ஒன்பதரை மணி வாக்கில் அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளையமாக மாறின, சிமெண்டுத் தரை முழுக்க மோதிரம் கொட்டியது மாதிரி. ஊசித்துளைப் படிமம் பற்றி எத்தனையோ வருஷம் போர்டில் படம் போட்டிருக்கிறேன், அன்றைக்கு அந்த அம்மா 'வட்டமான ஓட்டைக்குள்ள எப்படிம்மா வளையம் வருது' என்று கேட்டபோதுதான் அதை விளக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பைசா வாங்கவில்லை, சான்றிதழும் இல்லை, பஸ் செலவு என் காசு. ஆனால் நாங்கள் அங்கே இயற்பியல் படித்தவர்களாக நின்றோம், எங்கள் வாயைத் திறந்து பேசினோம். நான் கேட்கும் தன்னார்வம் இது.

சரி, அடுத்தது. 'பெண்களைப் பேசக் கூப்பிட்டால் வருவதில்லை.' இது ரொம்பப் பழைய பாட்டு. எப்போது கூப்பிட்டீர்கள்? எனக்கு வந்த கடைசி அழைப்பு முதல் நாள் மாலை ஏழு மணிக்கு, ஒரு சார் வர முடியாமல் போனதால். தெரிந்த பெண்கள் யாரும் இல்லையென்றால் 2020-இல் இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஆரம்பித்த பயஸ்வாட்ச் இந்தியா என்ற முயற்சி இருக்கிறது. மாநாடுகளில் பேசுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி வெளியிடுகிறார்கள், இந்தியாவில் இருக்கும் பெண் விஞ்ஞானிகளின் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும். தேட வேண்டும், அவ்வளவுதான்.

வருவதில்லை என்பவர்களுக்கு இதையும் சொல்கிறேன். எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வுக்கு ரிஃப்ரெஷர் கோர்ஸ் என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும், இரண்டு வாரம். என் மகளுக்கு எட்டு மாதம் இருந்தபோது போனேன். விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிப்போய் எதிர்த்தெருவில் ரூம் எடுத்தேன். டீ இடைவேளையில் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன். பத்து நிமிடம் தாமதம் என்று இரண்டு நாள் அரை நாள் வருகை வெட்டினார்கள். கடைசி நாள் ஒருவர் மைக்கில் 'லேடீஸ் கொஞ்சம் சின்சியராக இருந்தால் எங்கேயோ போகலாம்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை கொடுத்த கணக்குப்படி 2018-இல் நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம். நான் பாடம் எடுக்கும் பி.எஸ்சி. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளைகள். நடுவில் எங்கே போகிறார்கள்? கல்யாணம், குழந்தை என்று பதில் ரெடியாக இருக்கும். இருக்கட்டும். அதே துறை பெண் விஞ்ஞானிகள் திட்டம் என்று ஒன்றை 2002-03-இல் ஆரம்பித்தது, இடைவெளி விட்டவர்கள் திரும்பி வருவதற்காகவே. அதில் ஒரு பிரிவில் காப்புரிமை வேலையை ஒரு வருடம் உதவித்தொகையோடு பழக்கிவிட்டார்கள். வேதியியல் முடித்து எட்டு வருஷம் வீட்டில் இருந்த என் தோழி அப்படித்தான் பேடண்ட் ஏஜெண்ட் ஆனாள். அவளை யாரும் கோலம் போடச் சொல்லவில்லை, மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு தொழிலைக் கையில் கொடுத்தார்கள். திறன் மேம்பாடு என்ற வார்த்தையை அதற்கு வைத்துக்கொள்வோம்.

அன்னா மணி படத்தைப் போட்டிருக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவே இல்லை. 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமன் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஆராய்ந்தவர். ஒரு படம் பதிய 15, 20 மணி நேரம் ஆகும், ராத்திரி லேபிலேயே தூங்குவாராம். ஐந்து கட்டுரைகள் வந்தன. ஆய்வேட்டையும் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. தரவில்லை. பிறகு லண்டன் போய் வானிலைக் கருவிகள் படித்து, 1948-இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தது தனிக்கதை. பட்டம் கொடுக்காமல் அனுப்பிய பெண்ணின் படத்துக்குக் கீழே சான்றிதழ் உண்டு என்று போட ஒரு தைரியம் வேண்டும்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் துறைக் கருத்தரங்கில் என் ஆய்வு மாணவியை வரவேற்பில் நிறுத்தியது நான்தான். 'நீதான்ப்பா நல்லா சிரிச்ச முகமா இருப்ப' என்று சொன்ன நினைவு இருக்கிறது. அவள் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலத்தில் வாயு உணரி (காற்றில் ஒரு வாயு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார்) செய்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கு முதல் பேச்சே வாயு உணரிதான். அவள் வெளியே சந்தனக் கிண்ணத்தோடு தாமதமாக வருகிறவர்களுக்காக நின்றாள். மதியம் சாப்பாட்டு வரிசையில் வந்து, 'மேம், சார் என்ன சொன்னார்?' என்று கேட்டாள். சாப்பாட்டு டோக்கன் கணக்கில் இருந்ததால் நானும் சரியாகக் கேட்கவில்லை.

அவளுக்கும் அந்த ஃபார்ம் போயிருக்கிறது. நிரப்பட்டுமா மேம் என்று திங்கட்கிழமை கேட்டாள், உன் இஷ்டம் என்றேன். ஐந்து பணிகளையும் டிக் செய்யாமல் விட்டுவிட்டு, கடைசியில் 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் 'விமான நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்து வருகிறேன், கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தாள். கோலத்துக்கு டிக் செய்தவர்களுக்கு அன்று மாலையே கன்ஃபர்மேஷன் மெயில் வந்துவிட்டதாம். இவளுக்கு இன்னும் வரவில்லை.